இயங்க மறுக்கும் துணி உலர்த்தும் இயந்திரம்

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் நாளையொட்டித் தொடங்குகிறது. அதன் பின்னர்ப் பல வாரங்களுக்கு, வெயிலை நம்பித் துணி துவைப்பது இயலாது. மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியில், ‘வெளி’ என வழங்கும் பகுதியிலுள்ள சலவைக்கூடத்தில் இத்தொல்லையைக் கண்கூடாகக் காணலாம். அங்குத் தொழில் புரிவோர் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழியினர் தாம் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. 1976ஆம் ஆண்டில் அவர்களுக்கென அக்கூடம் கட்டப்பெற்றது. இரட்டைக் கயிற்றை முறுக்கி, அதன் புரிகளுக்கிடையே துணியின் விளிம்பைச் செருகி உலர்த்துவது அவர்கள் வழக்கம். வெயிலும் காற்றும் உள்ளவரை இதனினும் சிக்கனமான முறை வேறில்லை.

கொச்சியின் கிழக்கே, எர்ணாகுளம் மாவட்டத்தின் தலைமையிடமான காக்கநாட்டிலோ, இன்று அடுக்குமாடி வீடுகள் மிகுதி. முற்றமும் கொடிக்கயிறும் இல்லாத இத்தகைய வீடுகளில், மின்சாரத்தால் துணி உலர்த்தும் இயந்திரம் பயன்படத் தொடங்கியுள்ளது. மழை ஓயாத ஒரு நாளில், பொத்தானை அழுத்தியும் அது அசையாதிருக்குமாயின் யாது செய்வது? இயந்திரம் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு செய்தல் கூடாது. தீங்கு நேராதபடி காக்கும் உறுப்புகளுள் ஒன்று அதனைத் தடுத்து நிறுத்தியிருக்கவும் கூடும்.

இயந்திரம் வேலை செய்யும் முறையை முதற்கண் அறிதல் நலம். மோட்டார் ஒன்று வார்ப்பட்டையின் மூலம் உருளையைச் சுழற்றுகிறது. விசிறி, சூடேற்றிய காற்றை ஈரத்துணிகளினூடே செலுத்துகிறது. 30 டிகிரி சென்டிகிரேடில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியையே தாங்கும். 60 டிகிரியில் சுமார் 130 கிராம் வரை தாங்கும். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரம் தேவை. சூடான காற்று ஈரத்தை ஏற்றுக்கொண்டு தடையின்றி வெளியேறினால்தான் துணி உலரும்.

இயந்திரம் இயங்காவிடில், சோதனையை வெளியிலிருந்து தொடங்க வேண்டும். 2,000 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் மின்சாரத்தை ஏற்கும். ஆகவே 16 ஆம்பியர் பிளக் அவசியம். 6 ஆம்பியர் பிளக் சூடேறிக் கருகும். பிளக்கில் மின்சாரம் வருகிறதா என்பதையும், வீட்டின் காப்புச் சுவிட்சு விழுந்துள்ளதா என்பதையும் காண வேண்டும். மின்கசிவுக் காப்புச் சுவிட்சு மீண்டும் மீண்டும் விழுமாயின், சூடேற்றும் கம்பியிலோ இணைப்பிலோ கசிவு இருக்கலாம். அதனை வலிந்து நிறுத்தி வைத்தல் ஆபத்து.

அடுத்து, கதவு. அது முழுவதும் மூடி அதன் சுவிட்சு அழுந்தினாலன்றி மோட்டார் ஓடாது. கொளுவியில் நூலோ தூசியோ சிக்கியிருக்கலாம். கடற்காற்று மிகுந்த ஊர்களில் தொடுமுனைகள் துருவேறுவதும் உண்டு. குழந்தைகளுக்கான பூட்டும், நேரம் தாழ்த்தித் தொடங்கும் அமைப்பும் தவறுதலாக இயக்கப்பட்டிருக்கலாம். நீராவியைக் குளிர்வித்து நீராகச் சேர்க்கும் வகையில், நீர்த்தொட்டி நிரம்பினாலும் வேலை நின்றுவிடும்.

மோட்டார் உறுமுகிறது, ஆனால் உருளை சுழலவில்லை எனில், உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அளவுக்கு மிஞ்சிய துணி, இறுகிய உருளிகள், பழுதுற்ற மின்தேக்கி ஆகியவை காரணமாகலாம். மின்னழுத்தக் குறைவும் காரணமாகலாம். 230 வோல்ட் 180 ஆகக் குறையின், மோட்டாரின் சுழற்று விசை ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகிவிடும். மோட்டார் ஓடும் ஒலி கேட்டும் உருளை அசையாவிடில், வார்ப்பட்டை அறுந்திருக்கக்கூடும். மின்தேக்கி, இணைப்பை எடுத்த பின்னரும் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்குமாதலால், பயிற்சி பெறாதவர் மூடியைத் திறத்தல் கூடாது.

இவையெல்லாம் சரியாயிருந்தும் ஓசையே எழாவிடில், வெப்ப உருகியை ஐயுறலாம். வெப்பம் வரம்பு மீறும்போது மின்சுற்றைத் துண்டிக்கும் சிறு உறுப்பு இது. சில இயந்திரங்களில் இது சூட்டை மட்டுமே நிறுத்தும். வேறு சிலவற்றில் மோட்டாரையும் நிறுத்திவிடும். ஒருமுறை துண்டித்தால் மீண்டும் இணையாது. புதியதையே பொருத்த வேண்டும். பயிற்சி பெற்றவர், பிளக்கைக் கழற்றிய பின் மல்டிமீட்டரால் இதன் தொடர்ச்சியை அளந்து அறிவார்.

உருகியை மாற்றுவதுடன் வேலை முடிந்துவிடாது. வடிகட்டியிலோ வெளிக்குழாயிலோ பஞ்சுத்துகள் அடைத்துக்கொண்டு, சூடான காற்று வெளியேறாமல் தேங்கியிருக்கக்கூடும். அக்காரணத்தை நீக்காவிடில் புதிய உருகியும் விரைவில் போய்விடும். உருகி இருந்த இடத்தில் கம்பியைச் சேர்த்து இயந்திரத்தை ஓட்டிவிடுவோரும் உளர். இது பெருந்தவறு. பஞ்சுத்துகள் எளிதில் தீப்பற்றும். ஐக்கிய அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளில், வீடுகளில் உலர்த்தும் இயந்திரங்களால் நேர்ந்த தீவிபத்துகள் ஆண்டொன்றுக்குச் சுமார் 2,900 என மதிப்பிடப்பட்டது. துப்புரவு செய்யாமை அவற்றின் முதன்மையான காரணமாகக் கண்டறியப்பட்டது.

ஆகவே, ஒவ்வொரு முறையும் வடிகட்டியைத் துப்புரவு செய்க. வெளிக்குழாயை இயன்றவரை நேராகவும் குட்டையாகவும் அமைத்து, அவ்வப்போது தூய்மை செய்க. பழுது நீங்கும்வரை துணியை நன்றாகப் பிழிந்து, கூடத்தில் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு, சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும். ‘வெளி’யில் கயிற்றில் தொங்கும் துணிகளுக்கு இடையே காற்று புகுந்து ஈரத்தை எடுத்துச் செல்வது போன்றதே இயந்திரத்தினுள் நிகழ்வதும். அக்காற்றுக்கு வழி அடையாதிருப்பின், இயந்திரம் தன் கடமையைச் செய்யத் தவறாது.