உரைகல்லும் கரித்துகளும்

தாம்பரம் கடைவீதியில் பொன் வேலை செய்யும் பத்தர் ஒருவரின் பட்டறையில் ஒரு நாள் மாலை நான் காத்திருக்க நேர்ந்தது. பழைய வளையல் ஒன்றை விற்க வந்திருந்த ஓர் அம்மையாருக்காக அவர் மாற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கரிய உரைகல்லின்மேல் வளையலைத் தேய்த்தார். மஞ்சள் கோடு விழுந்தது. அம்மையாரின் மனம் தெளியட்டும் என்று, பக்கத்திலேயே ஒரு பித்தளைத் துண்டையும் தேய்த்துக் காட்டினார். என் கண்ணுக்கு இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றின. பிறகு இரண்டின்மேலும் நைட்ரிக் திராவகத்தில் ஒரு துளி வைத்தார். பித்தளைக் கோடு நுரைத்து மறைந்தது. வளையலின் கோடு நின்றது. "பொன் திராவகத்துக்கு அஞ்சாது, அம்மா" என்றார் பத்தர்.

மாணவ நண்பர்களே, பத்தர் சொன்னது உண்மை. ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

ஓர் உலோகம் அமிலத்தில் கரைவது என்றால், அதன் அணுக்கள் தம் எலெக்ட்ரான்களைப் பறிகொடுப்பது என்று பொருள். எந்த உலோகம் தன் எலெக்ட்ரான்களை எவ்வளவு இறுகப் பற்றியிருக்கிறது என்பதை ரசாயன அறிஞர்கள் வோல்ட் கணக்கில் அளந்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஹைட்ரஜனைச் சுழி என்று கொண்டால், செம்பு 0.34, வெள்ளி 0.80, பொன் 1.50. நைட்ரிக் அமிலத்தின் பறிக்கும் வலிமையோ 0.96. ஆகவே அது செம்பையும் வெள்ளியையும் வெல்கிறது, பொன்னிடம் தோற்கிறது. உரைகல்லின்மேல் நாம் கண்ட காட்சியின் விளக்கம் இவ்வளவே.

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தனியே பொன்னை ஒன்றும் செய்யாது. ஆனால் அதில் மூன்று பங்கும் நைட்ரிக் அமிலத்தில் ஒரு பங்கும் கலந்தால், பொன்னையே கரைக்கும் இராஜ திராவகம் கிடைக்கிறது. நைட்ரிக் அமிலம் பொன் அணுவிடமிருந்து எலெக்ட்ரானைப் பறிக்க முயல்கிறது. குளோரைடுகள் நான்கு சேர்ந்து அந்த அணுவைச் சூழ்ந்து கரைசலுக்குள் இழுத்துச் செல்கின்றன. இந்தத் துணை கிடைத்ததும் பொன்னின் 1.50 ஏறக்குறைய 1.00 ஆகக் குறைந்துவிடுகிறது. செறிந்த அமிலத்தில் எஞ்சிய சிறு இடைவெளியும் தடையாக நிற்பதில்லை. ஒருவரால் ஆகாத காரியத்தை இருவர் கூடிச் செய்கிறார்கள்.

இனி உரைகல்லை விட்டுக் கரிக்கு வருவோம். நம் காங்கேயம் வட்டாரத்தில் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, நீராவியால் பதப்படுத்தி, முனைப்பேற்றிய கரி செய்கிறார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்துப் பார்க்க முடியுமானால் ஆயிரம் சதுர மீட்டர் வரும். மனை விலை பேசும் நம் தாம்பரத்தார் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய நாலரை கிரவுண்டு! இத்தகைய கரியின்மேல் ஓர் உலோக உப்பைப் பரப்பினால் அது வினையூக்கியாகிறது. தான் செலவாகாமல் பிற பொருள்களின் சேர்க்கையை விரைவுபடுத்துவதே வினையூக்கியின் தொழில்.

சேலையூரிலும் மேடவாக்கத்திலும் ஆழ்துளைக் கிணறுகளில் இறங்கும் பி.வி.சி. குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். பி.வி.சி.க்கு மூலப்பொருள் வினைல் குளோரைடு. பல நாடுகளில் அதை எதிலீனிலிருந்து செய்கிறார்கள். நிலக்கரி மிகுந்த சீனாவிலோ பெரும்பகுதியை அஸிடிலீன் வாயுவோடு ஹைட்ரஜன் குளோரைடைச் சேர்த்துச் செய்கிறார்கள். அதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்ட வினையூக்கி, கரியின்மேல் பரப்பிய பாதரசக் குளோரைடு. வெப்பத்தில் பாதரசம் ஆவியாகிச் சிறிது சிறிதாக வெளியேறிவிடும். பாதரசம் எத்தகைய நஞ்சு என்பதை ஜப்பானின் மினமாட்டா ஊர் 1956இல் உலகுக்கு உணர்த்தியது. நம் கொடைக்கானலிலும் பாதரச மாசின் காரணமாக ஒரு வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசத்துக்கு மாற்றுத் தேடுவது வெறும் ஆராய்ச்சி விளையாட்டு அன்று. மனித உயிர்களைக் காக்கும் முயற்சி.

1985இல், தென்னாப்பிரிக்காவின் ஜோகானஸ்பர்க்கில் பணியாற்றிய கிரஹாம் ஹட்சிங்ஸ் என்ற அறிஞர், முன்பு நாம் கண்ட வோல்ட் வரிசையையே எடுத்து வைத்துக்கொண்டு சிந்தித்தார். எலெக்ட்ரானை விரும்பி இழுக்கும் உலோக அயனியே இந்த வினைக்கு ஏற்றது என்றால், வரிசையின் உச்சியிலிருக்கும் பொன்னைவிடச் சிறந்தது எது? பொன் சோம்பேறி உலோகம், வினையூக்கத்துக்கு உதவாது என்று பெரும்பாலோர் எண்ணியிருந்த காலம் அது. சோதித்துப் பார்த்ததில் அவர் கணிப்பே சரியாயிற்று. எந்த எண் பொன்னை உரைகல்லின்மேல் காப்பாற்றியதோ, அதே எண்தான் அதைத் தொழிற்சாலைக்கும் அழைத்து வந்தது.

இங்கே ஒரு வியப்பைக் கவனியுங்கள். உரைகல்லின்மேல் உலோகமாக நின்றால்தான் பொன்னுக்குப் பெருமை. கரியின்மேலோ, உலோகமாக மாறிவிட்டால் அதற்கு அழிவு. வினை நடக்கும்போது, ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அஸிடிலீன் பொன் அயனிகளுக்கு எலெக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அவை உலோகமாகித் திரண்டு துகள்களாகின்றன, வினையூக்கி களைத்துப்போகிறது. களைத்த கரியை இராஜ திராவகத்தில் கொதிக்கவைத்தால் துகள்கள் கரைந்து, பொன் மீண்டும் அயனியாகக் கரியெங்கும் பரவுகிறது; இழந்த வேகம் திரும்புகிறது. பிற உலோகங்களை ஒழிக்கும் அமிலம், இந்தப் பொன்னுக்கு மருந்தாகிறது. 2017இல், பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹட்சிங்ஸ் குழுவினர், வினை நடக்கும்போதே ஊடுகதிர்களைச் செலுத்தி ஆராய்ந்து, உண்மையில் உழைப்பவை தனித்தனியே அமர்ந்த பொன் அயனிகளே என்று காட்டினார்கள்.

ஆயினும் இராஜ திராவகத்தைத் தொழிற்சாலை அளவில் கையாள்வது எளிதன்று. அதன் புகையும் கழிவும் பெரும் தொல்லை. எனவே பொன்னை, புகைப்படம் கழுவுவோர் ஹைப்போ என்று வழங்கும் தயோசல்பேட்டோடு பிணைத்து, நீரிலேயே கரைத்துக் கரிக்கு ஏற்றும் வழியைக் கண்டார்கள். இவ்வகை வினையூக்கி சீன ஆலைகளிலும் புகுந்துவிட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா ஒப்பந்தமும் அதற்குத் தூண்டுதலாயிற்று. நமக்கு அண்மையில், கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்திலும் வினையூக்க ஆராய்ச்சிக்கென ஒரு தேசிய மையம் இயங்குகிறது. இந்த வரிசையில் அடுத்த அடியை எடுத்துவைப்பவர் உங்களுள் ஒருவராக இருக்கலாம்.

பத்தரின் சொல்லை இனி நாம் இப்படித் திருத்திக்கொள்வோம்: பொன் தனி அமிலத்துக்கு அஞ்சாது, கூட்டு அமிலத்துக்கு இணங்கும், தக்க இடத்தில் அமர்த்தினால் அந்த அமிலத்தாலேயே புத்துயிர் பெறும். ஒரு பொருளின் குணத்தை அறிய அது என்ன என்று கேட்டால் மட்டும் போதாது. அது எந்த அளவில் இருக்கிறது, எதன்மேல் அமர்ந்திருக்கிறது, யாரோடு கூடியிருக்கிறது என்றும் கேட்க வேண்டும். அடுத்த முறை உரைகல்லின்மேல் ஒரு மஞ்சள் கோட்டைக் காணும்போது, இந்தக் கேள்விகள் உங்கள் நினைவுக்கு வரட்டும்.