கட்டடத்தைக் காக்கும் கொக்கி

2015 ஜூன் 5, காலை 7.15 மணி. சபாவின் ரானாவ் வட்டாரத்தை 6.0 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. கினபாலு மலையில் 18 பேர் உயிரிழந்த சோகம் இன்னும் நம் நெஞ்சில் இருக்கிறது. அன்று பள்ளிகளும் ஆசிரியர் குடியிருப்புகளும்கூட சேதமடைந்தன. தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் விரிசல் விட்ட கட்டடங்களும் அவற்றில் உண்டு.

ஏன் அந்த இடம்?

கான்கிரீட் அழுத்தும் பாரத்தை நன்றாகச் சுமக்கும். ஆனால் இழுத்தால் பிளந்துவிடும். இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிதான். கம்பி உருவிக்கொண்டு வராமலிருக்க, அதன் தடிமனைப்போல் சுமார் 40 மடங்கு நீளம் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 640 மில்லிமீட்டர்! ஓரத்துத் தூணின் அகலமோ பெரும்பாலும் அதில் பாதிதான். அதனால்தான் உத்திரக் கம்பியின் முனையைத் தூணுக்குள் கொக்கிபோல் வளைக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு தவறு நேர்கிறது. சாதாரண நாள்களில் தூணருகே உத்திரத்தின் மேல் கம்பிதான் இழுபடும். எனவே கீழ்க் கம்பியை வளைக்காமல் குட்டையாக வெட்டிவிடுவோர் உண்டு. நிலநடுக்கத்தில் கட்டடம் இருபுறமும் ஆடும்; அடுத்த நொடியே கீழ்க் கம்பியும் இழுபடும். பிடிப்பு இல்லாவிட்டால் உருவிக்கொள்ளும்.

தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களும் முக்கியம். அவற்றின் முனைகள் 135 பாகைக்கு உள்நோக்கி வளைந்திருக்க வேண்டும். 90 பாகையோடு நிறுத்தினால், கம்பியை மூடியிருக்கும் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் வளையம் வாய் திறந்துவிடும். தூணும் உத்திரமும் சந்திக்கும் இடத்தில் கம்பிகள் நெருக்கமாக இருப்பதால், அங்கே வளையம் போடாமலே விட்டுவிடுவதும் நடக்கிறது. உண்மையில் அங்கேதான் அது அவசியம்.

ரானாவ் அனுபவத்துக்குப் பிறகு, 2017-இல் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான தேசிய இணைப்பு விதிகள் மலேசியாவில் வெளிவந்தன. சபாவுடன் ஒப்பிட்டால் தீபகற்பத்தில் அபாயம் குறைவு. ஆனாலும் 2007 முதல் பகாங்கின் புக்கிட் திங்கி வட்டாரத்தில் சிறு நடுக்கங்கள் பதிவாயின.

வீட்டை மாடியாக உயர்த்தப் போகிறீர்களா? கான்கிரீட் ஊற்றுவதற்கு முதல்நாள் பொறியாளரை அழைத்துப்போய் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மேல், கீழ்க் கம்பிகள் இரண்டும் தூணுக்குள் வளைந்துள்ளனவா? சந்திப்புக்குள் வளையம் இருக்கிறதா? வளைய முனைகள் உள்நோக்கி மடங்கியுள்ளனவா? கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். கான்கிரீட் மூடிய பிறகு, அந்தக் கொக்கியை யாராலும் பார்க்க முடியாது.