தோற்ற தெய்வங்களின் ராக் இசை

1999-இல் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில், லட்டூன் என்ற இடத்தில், புதிய நெடுஞ்சாலை ஒரு முள்மரத்தைக் காவு கேட்டது. கதைசொல்லி எடி லெனிஹன் எதிர்த்துக் கிளம்பினார். தேவதைகள் கூடும் மரம் அது, வெட்டினால் சாலையில் போகிறவர்களுக்கு ஆபத்து என்றார். விஷயம் வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை போனது. கடைசியில் மரத்தை விட்டுவிட்டுத்தான் சாலை போட்டார்கள்.

இந்தத் தேவதைகளைச் சிறகு முளைத்த குட்டிப் பெண்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இவர்கள் ஒரு காலத்தில் அயர்லாந்தை ஆண்ட துவாஹா டே டனன் என்ற தெய்வ குலத்தார். கடல் கடந்து வந்த மிலேசியர்களிடம் தோற்று, மண்மேடுகளுக்குள் குடிபுகுந்தார்கள் என்பது ஐதீகம். 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான நியூகிரேஞ்ச் கல்லறை மேடும் அவர்களுடைய வீடுகளில் ஒன்று. இந்தக் குலத்தின் கதையைத்தான் டப்ளின் இசைக்குழுவான ஹார்ஸ்லிப்ஸ் 1976-இல் 'த புக் ஆஃப் இன்வேஷன்ஸ்' என்ற ஆல்பமாக்கியது. இடைக்காலத்தில் தொகுக்கப்பட்ட ஐரிஷ் புராண நூலின் பெயர் அது.

ஆல்பத்தின் கட்டமைப்பும் புராணத்திலிருந்தே வருகிறது. பகைவர்கள் கவர்ந்துபோன யாழை மீட்க, டனன் குலத் தலைவன் தக்தா அவர்களுடைய விருந்து மண்டபத்துக்குள் நுழைகிறான். அவன் கூப்பிட்டதும் யாழ் சுவரிலிருந்து பாய்ந்து வருகிறது. அழுகை, சிரிப்பு, உறக்கம் என மூன்று விதமாக வாசிக்கிறான். எதிரிகள் தூங்கியதும் தப்பிக்கிறான். அந்த மூன்று வகை இசையின் பெயர்களே ஆல்பத்தின் மூன்று பகுதிகளுக்கும். மகிழ்ச்சியில் தொடங்கி, சோகத்தைக் கடந்து, உறக்கத்தில் முடிகிறது வரிசை.

அன்றைய ஃபோக் ராக் குழுக்கள் பல, நாட்டுப்புறப் பாட்டை எடுத்து அதற்கு டிரம்ஸும் கித்தாரும் சேர்த்தன. ஹார்ஸ்லிப்ஸ் போனது எதிர்த் திசையில். பாட்டு அவர்களே எழுதியது. அதன் அடியில் ஓடுவது பழைய மெட்டு. மன்னன் பிரையன் போருவின் பெயரால் வழங்கும் அணிவகுப்பு மெட்டு முதலில் தன் இயல்பிலேயே வருகிறது. அடுத்த பாட்டான 'டிரபிள்'-இல் அதே மெட்டு குழுவின் கித்தார் கலைஞர் ஜானி ஃபீனின் எலக்ட்ரிக் கித்தாரில் முரட்டு ரிஃப்பாக இறங்குகிறது. ஹார்ட் ராக் ரசிகர் தலையாட்டிக் கேட்பார். கிராமத்து ஃபிடில்காரரோ அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார். தேவதைகள் மேட்டுக்குள் இருப்பதுபோல மெட்டு ரிஃப்புக்குள் இருக்கிறது. இதுதான் ஆல்பத்தின் சாதனை.

குறையும் உண்டு. 14 தடங்களில் ஒன்பது மகிழ்ச்சிப் பகுதிக்கே போய்விட்டன. சோகத்துக்குக் கிடைத்தவை இரண்டே. டனன் குலத்தின் வீழ்ச்சி இன்னும் கொஞ்சம் நின்று பேசியிருக்க வேண்டிய இடம். உறக்கப் பகுதியை முடித்துவைக்கும் 'ரைடு டு ஹெல்' யாரையும் தூங்கவைக்காது.

1980-இல் குழு கலைந்தது. ஆனால் பழைய மெட்டை ரிஃப்பாக்கும் அந்த உத்தி நீடித்தது. ஓ'நீல் அணிவகுப்பு மெட்டை வைத்து அவர்கள் 1973-இல் செய்த 'டியரக் டூம்' ரிஃப், 1990 உலகக் கோப்பைக்கான அயர்லாந்துக் கால்பந்து அணியின் பாட்டில் மறுபடி ஒலித்தது. அருங்காட்சியகப் பொருளாகப் பாதுகாத்திருந்தால் அந்த மெட்டு கால்பந்து ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகமே.