மூலிகையும் மருந்தும் – 14: மருவில் வைத்த பால்

பினாங்கில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையோரம் குனிந்து பார்த்தால், நடைபாதை இடுக்கில் அம்மான் பச்சரிசி படர்ந்திருக்கும். தண்டைக் கிள்ளினால் வெள்ளையாய்ப் பால் துளிர்க்கும். என் கையில் இருந்த மருவுக்குப் பாட்டி அந்தப் பாலைத்தான் வைத்தார். இரண்டு நாள் எரிந்தது. பிறகு தோல் உரிந்தது.

அம்மான் பச்சரிசியின் பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு செடி யூஃபோர்பியா பெப்லஸ். ஆஸ்திரேலியாவில் தோட்டத்துக் களை. வெயிலில் காய்ந்து தடித்த தோலுக்கு அங்குள்ளவர்களும் அதன் பாலைத் தடவி வந்தார்கள். அந்தப் பாலிலிருந்து இஞ்ஜெனால் மெபுடேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது கெட்ட செல்லை நேராகக் கொல்லும். மிஞ்சியதைத் தீர்க்க வெள்ளணுக்களையும் அங்கே இழுத்துவரும். புற்றுநோயாக மாறக்கூடிய செதில் புண்களுக்கு 2012இல் அமெரிக்கா இதைக் களிம்பாக அனுமதித்தது. முகத்தில் மூன்று நாள் பூசினால் போதும் என்றிருந்தது.

நம் பாட்டிமார் சொன்னது சரிதான் என்று இங்கேயே முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் களிம்பு பூசியவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பூசிய இடத்திலேயே தோல் புற்றுநோய் கூடுதலாகத் தென்பட்டது. 2020இல் ஐரோப்பாவில் அந்த மருந்து நிறுத்தப்பட்டது. அளந்து, சுத்தம் செய்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்த பொருளுக்கே இந்தக் கதி.

இலந்தையின் கதை வேறு. 1995இல் சிகாகோ ஆய்வாளர்கள் இலந்தைப் பட்டையிலிருந்து பெடுலினிக் அமிலத்தை எடுத்து, தோல் புற்றுநோயில் மிகக் கொடிய வகைகளில் ஒன்றான மெலனோமா மீது சோதித்தார்கள். எலிகளில் கட்டி வளராமல் நின்றது. எலிகளுக்கு நஞ்சும் ஏறவில்லை. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவை அந்த அமிலம் குலைக்கிறது. செல் தானாகவே மடிகிறது. ஆனால் அது தண்ணீரில் எளிதில் கரையாது. உடம்புக்குள் கட்டி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாடு. முப்பது ஆண்டுகள் ஆகியும் மெலனோமாவுக்கான மருந்தாக அது கடைக்கு வரவில்லை.

பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களிலும் உள்ளூர் மூலிகைச் சாறுகளைப் புற்றணுக்கள் மீது சோதிக்கிறார்கள். மிக அவசியமான வேலை. ஆனால் கண்ணாடித் தட்டில் செல் செத்தது என்ற செய்தி, வாட்ஸ்அப்பில் நம் கைக்கு வரும்போது "புற்றுநோய் குணமாகிறது" என்று மாறிவிடுகிறது. அங்கேதான் ஆபத்து.

கருத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்றும் நம்மவர்கள் நினைக்கிறார்கள். குறைவாக வரும், உண்மை. மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வரும். அதனால் தாமதமாகத் தெரியும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில்தான் வந்தது. 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல், 36 வயதில் இறந்தார்.

இன்றிரவு கால் கழுவும்போது உள்ளங்காலையும் நகங்களையும் ஒருமுறை பாருங்கள். வளர்கிற, நிறம் மாறுகிற கரும்புள்ளி இருந்தால், எந்தச் செடியின் பாலையும் அதில் வைக்காதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

(தொடரும்)