பாதிப் பாட்டை இன்னொருத்தர் முடிக்கட்டும்: திருவாமாத்தூரிலிருந்து ஒரு பாடம்

ஆபீஸ்ல ஒரு பிரச்சனை, வீட்டுல ஒரு பிரச்சனை, ரெண்டும் ஒரே வாரத்துல வந்தா எப்படித் தாங்குறது? இந்த எபிசோடு அதைப் பற்றித்தான். "மனசைத் திடமா வச்சுக்கோ" என்று எல்லாரும் சொல்வார்கள். எப்படி வச்சுக்கணும்னு யாரும் சொல்றதில்லை. பல்லைக் கடிச்சிக்கிட்டு, யாரிடமும் சொல்லாமல், தனியாகத் தாங்குவதுதான் மன உறுதி என்று நாமும் முடிவு பண்ணிக்கிறோம். அந்த முடிவை மாற்றிக்க நம்ம பக்கத்து ஊர்க் கதை ஒன்று உதவும்.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பம்பை ஆற்றை ஒட்டி இருக்கிற ஊர் திருவாமாத்தூர். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய அபிராமேசுவரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. இந்தத் தலத்தின் மேல் 'திருவாமாத்தூர்க் கலம்பகம்' என்று ஒரு நூல் உண்டு. அதைப் பாடியவர்கள் ரெண்டு பேர்: முதுசூரியர், இளஞ்சூரியர். 14ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவரால் நடக்க முடியாது. கண் தெரியாதவர் மற்றவரைத் தோளில் தூக்கிக்கொள்வார். மேலே இருப்பவர் வழி சொல்வார். பாட்டும் அதே மாதிரிதான். ஒருவர் முதல் பாதியைப் பாடினால், மற்றவர் மீதியை முடிப்பார். அதனால் இரட்டைப் புலவர்கள் என்று பெயர்.

இவர்களைப் பற்றிச் செவிவழிக் கதைகள் நிறைய. கலம்பகத்தை அரங்கேற்றியபோது, கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்கள் என்று சபையில் ஆட்சேபம் வந்ததாம். அப்புறம் வெள்ளம் வந்து, ஆறே திசை மாறி, பாட்டு சரியாகிவிட்டதாம்.

நமக்கு ஆறு திசை மாறாது. திங்கட்கிழமை போனால் அதே பக் அங்கேயேதான் இருக்கும். ஆனால் இந்தக் கதையில் அற்புதத்தை எடுத்துவிட்டாலும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கு: சபை முழுக்கத் தப்பு என்று சொன்ன நேரத்தில், அங்கே ரெண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஆராய்ச்சி என்ன சொல்லுது?

எம்மி வெர்னர் என்ற உளவியலாளர், ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை, அவர்களுக்கு 40 வயது ஆகும்வரை தன் குழுவோடு தொடர்ந்து கவனித்தார். வறுமை, பெற்றோரின் குடி, வீட்டுச் சண்டை என்று பல சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்த சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு ஆள். பாட்டியோ, டீச்சரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாரோ ஒருத்தர். ஆன் மாஸ்டன் என்ற ஆய்வாளர் 2001இல் இன்னும் எளிமையாகச் சொன்னார்: மீண்டு எழுவது அபூர்வ சக்தி இல்லை, சாதாரணமான உறவுகளும் பழக்கங்களும் சேர்ந்து செய்கிற வேலை.

சாஃப்ட்வேரில் இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்லை. ஒரு சர்வர் விழுந்தால் மொத்தமும் விழும் என்றால், அந்த சர்வரை "ஸ்ட்ராங்கா இரு" என்று நாம் சொல்வதில்லை. பக்கத்தில் இன்னொன்றை வைக்கிறோம். வீட்டில் மட்டும் எல்லாத்தையும் ஒரே ஆள் மேல் ஏற்றுகிறோம். பெரும்பாலும் அது அம்மா. அவங்களுக்குக் காய்ச்சல் வந்தால்தான், அவங்க எத்தனை வேலை பார்த்தாங்கன்னே தெரியுது.

சரி, என்ன பண்ணலாம்?

முதலில், பாரத்தைப் பிரித்துப் பாருங்க. அப்பாவுக்கு ஆபரேஷன் என்று வச்சுக்கோங்க. ரிப்போர்ட்டைப் படித்து டாக்டரிடம் கேள்வி கேட்பது 'கண்' வேலை. மருந்து வாங்குவது, சாப்பாடு கொண்டுபோவது, ராத்திரி துணைக்குப் படுப்பது 'கால்' வேலை. ரெண்டையும் நீங்களே செய்யணும்னு இல்லை. வெளியூரில் இருக்கிற தங்கச்சி ரிப்போர்ட் பார்க்கலாம். உள்ளூரில் இருக்கிற சித்தப்பா ராத்திரி தங்கலாம்.

ரெண்டாவது, உதவியைக் குறிப்பாகக் கேளுங்க. "கஷ்டமா இருக்கு" என்றால் எதிரே இருப்பவருக்கு என்ன செய்வது என்று தெரியாது. "நாளைக்குக் காலைல 10 மணிக்கு அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா?" என்று கேட்டால் பதில் வரும். மேனேஜரிடமும் அப்படித்தான்: "இந்த வாரம் ரிலீஸ் வேலையை மட்டும் வேற யாராவது பார்க்கட்டும், மீதியை நான் முடிச்சிடுறேன்."

மூன்றாவது, அமைதியான நாளிலேயே ஏற்பாடு பண்ணுங்க. 2024 ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கா? மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 செ.மீ. மழை. டிசம்பர் 2, திங்கட்கிழமை காலை, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில்களை நிறுத்தினார்கள். சென்னையில் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்துகொண்டு, ஊரில் இருக்கிற அப்பா அம்மாவைப் போய்ப் பார்க்க வழி இல்லாமல் தவித்தவர்கள் எத்தனை பேர்! அந்த நேரத்தில் நம்மகிட்ட எவ்வளவு மனத் திடம் இருந்தும் வீட்டுக்குள் வந்த தண்ணி வடியாது. எதிர் வீட்டு அண்ணன் நம்பர் இருந்தால், "அவங்களை மாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன், கவலைப்படாதே" என்று ஒரு பதிலாவது வரும். அந்த நம்பர் உங்க போனில் இருக்கா? அவரிடம் கடைசியாக எப்போது பேசினீங்க?

நாலாவது, மற்றவர் சொல்லும்போது கேளுங்க. இரட்டைப் புலவர்கள் மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் துணி துவைக்கும்போது, துணி தண்ணீரோடு போய்விட்டது என்று ஒரு கதை. அதையும் பாட்டாக்கினார்கள். ஒருவர் நொந்துகொண்டதற்கு மற்றவர் அறிவுரை சொல்லவில்லை. 'போனால் போகட்டும், சொக்கநாதர் துணை இருக்கிறார்' என்ற பொருளில் மீதிப் பாட்டை முடித்தார், அவ்வளவுதான். நண்பன் புலம்பும்போது உடனே தீர்வு தேட வேணாம். "ஆமாடா, கஷ்டம்தான். நான் இருக்கேன்" என்பதே பாதிப் பாட்டு.

ரெண்டு எச்சரிக்கை. மூன்று பேர் வேலையை ஒருத்தர் மேல் போட்டுவிட்டு "மன உறுதி வேணும்" என்று ஆபீஸில் சொன்னால், அது உங்க குறை இல்லை. அங்கே பேச வேண்டியது வேலைப் பங்கீட்டைப் பற்றி. அதேபோல், வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் மனசு ஒட்டலை, வாழவே பிடிக்கலை என்ற நிலை வந்தால், நண்பர் மட்டும் போதாது. டாக்டரைப் பாருங்க. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. உங்க பாரத்தில் எது கண் வேலை, எது கால் வேலை என்று ஒரு தாளில் எழுதுங்க. அதில் ஒன்றை, ஒரே ஒன்றை, இன்னொருத்தரிடம் கொடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.