சிறுதொழிலுக்கு ஒரு மாறாத முகவரி

மும்பையில் மாஹிம் ரயில் நிலையத்திற்குக் கிழக்கே, சயான் வரை பரந்து கிடக்கும் தாராவி, தோல் பைகளுக்கும் மண்பாண்டங்களுக்கும் ஆயத்த ஆடைகளுக்கும் பெயர் பெற்ற தொழிற்பகுதியாகும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் தோல் தொழிலிலும், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்துள்ளனர். இங்குள்ள தொழில்களில் பெரும்பாலானவை ஓர் அறையிலோ ஒரு மாடியிலோ நடைபெறுபவை. பொருளின் தரத்தில் குறைவில்லை. நிலையான முகவரிதான் அரிது.

தாராவியை மறுசீரமைக்கும் திட்டத்திற்கு மகாராஷ்டிர அரசு 2004இல் ஒப்புதல் அளித்தது. நெடுங்காலத் தாமதத்திற்குப் பின் 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் தேர்வு பெற்றது. 2024இல் வீடுகளையும் கடைகளையும் கணக்கெடுக்கும் பணி தொடங்கியது. இடம் பெயர நேரும் ஒரு கடைக்காரர், தம்மைத் தேடிவரும் பழைய வாடிக்கையாளருக்கு எந்த முகவரியைக் கொடுப்பது என்பது எளிய வினா அன்று. கட்டடத்தோடு பெயராத முகவரி ஒன்று இன்று உண்டு. அதுவே டொமைன் எனப்படும் இணையப் பெயர். எனினும், முறையாகப் பெற்று முறையாகக் காத்தால் மட்டுமே அது மாறாத முகவரியாக நிற்கும். அதனைப் பெறும் வழியையும் காக்கும் வழியையும் இங்குக் காணலாம்.

எண்ணும் பெயரும்

இணையத்தில் இணைந்துள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அடையாளம் காண்கின்றன. நீண்ட எண்களை மனிதர் நினைவில் வைத்திருப்பது கடினம். தொடக்கத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் எழுதிவைக்கப்பட்டன. கணினிகள் பெருகியபோது அப்பட்டியலைப் பேணுவது இயலாததாயிற்று. ஆகவே 1983இல் அமெரிக்க அறிஞர் பால் மொக்காபெட்ரிஸ் பெயர்களைப் படிப்படியாகப் பகுத்துவைக்கும் முறை ஒன்றை வகுத்தார். இன்று உலகெங்கும் இயங்குவது இம்முறையே.

இதன்படி ஒரு பெயர் வலமிருந்து இடமாகப் படிக்கப்படுகிறது. இறுதியில் உள்ள ".இன்" என்னும் பகுதி இந்தியாவைக் குறிக்கும், ".காம்" என்பது வணிகத்திற்கென ஏற்பட்டுப் பின்னர் அனைவருக்கும் பொதுவானது. அதற்கு முன்னுள்ள பகுதியே தொழில் செய்வோர் தேர்ந்தெடுக்கும் பெயர். ஒருவர் அப்பெயரைத் தம் கைப்பேசியில் தட்டியவுடன், முதலில் ஈற்றுப் பகுதிக்குரிய பதிவேட்டிலும், பின்னர் அப்பெயருக்குரிய பெயர்க் கணினியிலும் விசாரித்து, எண் கண்டறியப்படுகிறது. இவையனைத்தும் ஒரு நொடிக்குள் நிகழ்ந்துவிடுகின்றன.

இந்தியாவுக்குரிய ".இன்" ஈறு 1989இல் ஒதுக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் அதன் பதிவுகளைக் கவனித்து வந்தது மும்பை ஜூஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம். அந்நாளைய விதிகள் கடுமையானவை; ஆதலால் 1992க்கும் 2004க்கும் இடையே ஏறத்தாழ 7,000 பெயர்களே பதிவாயின. 2003இல் நிறுவப்பட்ட இந்திய தேசிய இணைய நிலையம் இப்பொறுப்பை ஏற்று, 2005ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் விதிகளைத் தளர்த்தியது. அதன்பின் 2011இல் பதிவுகள் 10 லட்சத்தைக் கடந்தன. அறிவும் ஆர்வமும் மக்களிடம் முன்பே இருந்தன என்பதையும், முறை எளிதானபோது அவை வெளிப்பட்டன என்பதையும் இந்த எண்ணிக்கை காட்டுகிறது.

மாஹிம் நிறுவனத்தின் வழக்கு

இணையப் பெயரின் மதிப்பு என்ன என்னும் வினா இந்திய நீதிமன்றங்களின் முன் வந்த முதல் வழக்குகளுள் ஒன்று, மாஹிமோடு தொடர்புடையது. மாஹிம் மேற்கில் எல்.ஜே. முதல் குறுக்குச் சாலையிலுள்ள மகாலட்சுமி இன்ஜினியரிங் எஸ்டேட்டில் நெடுங்காலம் அலுவலகம் கொண்டிருந்த ரெடிஃப் நிறுவனம், இந்நாட்டின் தொடக்ககால இணைய நிறுவனங்களுள் குறிப்பிடத்தக்கது. 1990களின் பிற்பகுதியில் வேறொரு தரப்பினர் "ராடிஃப்" என்னும் பெயரைப் பதிவு செய்து அதே வகைத் தொழிலில் இறங்கினர். ஆங்கிலத்தில் எழுதும்போது இரு பெயர்களுக்கும் ஓர் உயிரெழுத்தே வேறுபாடு. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த பெயர் அது என்பது எதிர்த்தரப்பின் விளக்கம்.

பம்பாய் உயர் நீதிமன்றம் 1999இல் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. இணையப் பெயர் வெறும் முகவரி மட்டுமன்று, வணிகச் சின்னத்திற்கு உரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று கருதி, அப்பெயரைப் பயன்படுத்துவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதே கொள்கையை உறுதி செய்தது.

சிறுதொழில் செய்வோர் இவ்வழக்கிலிருந்து இரு பாடங்கள் பெறலாம். ஒன்று, பிறர் பெயரை ஒட்டிய பெயரைத் தேர்ந்து கொள்வது ஆபத்து. மற்றொன்று, தம் பெயரைப் பிறர் பறிக்க முயன்றால் சட்டத்தின் துணை உண்டு. அத்துணை வலுவாக அமைய வேண்டுமாயின் பெயரை வணிகச் சின்னமாகவும் பதிவு செய்தல் நன்று. மும்பைக்குரிய வணிகச் சின்ன அலுவலகம் மாட்டுங்காவை அடுத்த ஆண்டாப் ஹில் பகுதியில் உள்ளது; விண்ணப்பத்தை இணையம் வாயிலாகவும் அளிக்கலாம். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி தனி நபரும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பத்திற்கு, ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டும். பிறருக்கு 9,000 ரூபாய். ".இன்" பெயர்கள் குறித்த பூசல்களை நீதிமன்றம் செல்லாமல் நடுவர் வழியாகத் தீர்க்கும் முறை ஒன்றும் 2005 முதல் உள்ளது.

பெயரைப் பெறும் முறை

இணையப் பெயர்ப் பதிவில் மூவர்க்குப் பங்குண்டு. ஒவ்வோர் ஈற்றுக்கும் உரிய மூலப் பதிவேட்டைப் பேணுவது பதிவகம். அதன் ஒப்புதல் பெற்றுப் பொதுமக்களுக்குப் பெயர்களை வழங்குபவர் பதிவு முகவர். பெயரைப் பெறுபவர் பதிவுரிமையாளர். கடைக்காரர் நேரே பதிவகத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. ஒப்புதல் பெற்ற முகவரின் தளத்தில் பெயர் கிடைக்குமா என்று தேடிப் பார்த்து, கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொள்ளலாம்.

பெயர் குறுகியதாக, சொன்னவுடன் எழுதக் கூடியதாக இருத்தல் வேண்டும். ஆங்கில எழுத்துகள், எண்கள், இணைப்புக் குறி ஆகியவையே அதில் இடம்பெறலாம். உச்ச அளவு 63 எழுத்துகள். தமிழ் எழுத்துகளிலேயே அமைந்த ".இந்தியா" என்னும் ஈறும் இன்று உண்டு. தமிழ் வாடிக்கையாளரை நாடும் தொழில்கள் ஆங்கிலப் பெயரோடு இதனையும் பெற்றுக்கொள்ளலாம்.

இக்கட்டத்தில்தான் பெரும் பிழை நேர்கிறது. தளத்தை வடிவமைத்துத் தரும் இளைஞரோ தரகரோ, "எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று கூறித் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிடுவதுண்டு. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகக் கருதப்படுவர். சில ஆண்டுகள் கழித்து மனவேறுபாடு ஏற்பட்டாலோ, அவர் ஊரை விட்டுச் சென்றாலோ, கடைக்காரர் தம் பெயர்ப்பலகையையே இழக்க நேரும். தளம் அமைக்கும் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், பெயரை ஒப்படைத்தலாகாது. பதிவில் தொழில் உரிமையாளரின் பெயர், அவர்தம் தொலைபேசி எண், அவர் கையாளும் மின்னஞ்சல் ஆகியவையே இருத்தல் வேண்டும். அம்மின்னஞ்சல் அதே இணையப் பெயரைச் சார்ந்ததாக இருப்பதும் தவறு. பெயர் முடங்கும்போது அம்மின்னஞ்சலும் முடங்கி, மீட்கும் வழி அடைபட்டுவிடும்.

குத்தகையும் புதுப்பித்தலும்

இணையப் பெயரை "வாங்குதல்" என்பது வழக்குச் சொல்லே. உண்மையில் அது குத்தகை. ஓர் ஆண்டு முதல் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்துகொள்ளலாம். காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். முதலாண்டுக்குச் சலுகை விலையும் அடுத்த ஆண்டிலிருந்து கூடுதல் விலையும் விதிப்பது இச்சந்தையின் இயல்பு. எனவே பதிவு செய்யுமுன் புதுப்பிக்கும் கட்டணத்தையே கேட்டறிதல் வேண்டும்.

கெடு தவறினால் பெயர் உடனே பறிபோவதில்லை. ".காம்" போன்ற ஈறுகளில் முகவர் அளிக்கும் சலுகைக் காலமும், அதன்பின் அபராதம் செலுத்தி மீட்கக்கூடிய 30 நாள்களும் உண்டு. அதுவும் கழிந்தால் 5 நாள்களில் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் பெறும் நிலைக்கு வரும். கைவிடப்படும் பெயர்களுக்கெனக் காத்திருந்து கைப்பற்றுவதைத் தொழிலாகக் கொண்டோரும் உளர்.

இம்மறதி சிறியோருக்கு மட்டும் உரியதன்று. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது "பாஸ்போர்ட்" என்னும் இணையப் பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. அதனால் ஹாட்மெயில் பயன்படுத்துவோர் பலர் தம் மின்னஞ்சலைத் திறக்க இயலவில்லை. நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு நிரலாளர் தம் கையிலிருந்து 35 டாலர் செலுத்தி அப்பெயரைப் புதுப்பித்தார். அத்தகைய நல்லவர் ஒவ்வொரு கடைக்கும் வாய்ப்பார் என்று நம்பியிருத்தல் இயலாது. சில ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பதிவு செய்வதும், கெடு நாளைக் கடையின் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைப்பதும் எளிய காப்புகளாம்.

தளம் தங்கும் இடம்

பெயர் முகவரி மட்டுமே. அம்முகவரியில் கடை இருக்க வேண்டுமல்லவா? தளத்தின் பக்கங்களும் படங்களும் விலைப்பட்டியலும் இரவும் பகலும் இயங்கும் ஒரு கணினியில் தங்கியிருத்தல் வேண்டும். இக்கணினியை சர்வர் என்பர். அதில் இடம் தரும் சேவையே வெப் ஹோஸ்டிங். தொழிற்கூடத்துக் கணினியையே இதற்குப் பயன்படுத்தலாகாதா என்று வினவலாம். மின்தடை, மாறும் இணைய எண், மழைக்கால இடர்ப்பாடு ஆகியவற்றால் அது பொருந்தாது. நவி மும்பை போன்ற இடங்களில் உள்ள தரவு மையங்களில் மாற்று மின்சாரமும் குளிரூட்டும் வசதியும் காவலும் இடைவிடாது பேணப்படுகின்றன.

ஹோஸ்டிங் சேவை மூவகைப்படும். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்வது முதல் வகை. சால் கட்டடத்தில் ஓர் அறை போன்றது இது. செலவு குறைவு; அண்டை அறையின் கூட்டம் தமக்கும் இடையூறாகும். ஒரு சர்வரை மென்பொருளால் தடுத்துத் தனித்தனிப் பகுதிகளாக அளிப்பது இரண்டாம் வகை. முழு சர்வரையும் ஒருவரே அமர்த்திக்கொள்வது மூன்றாம் வகை. இவையன்றி, பயன்பாட்டிற்கேற்ப அளவு கூடிக் குறையும் கிளவுட் சேவையும் உண்டு. நூறு வகைப் பொருள்களைக் காட்டும் ஒரு தோல் பைக் கடைக்குத் தொடக்கத்தில் முதல் வகையே போதும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றினை வினவ வேண்டும். தளத்தின் நகல் நாள்தோறும் எடுத்துவைக்கப்படுமா? வாடிக்கையாளரின் விவரங்களை மறையாக்கி அனுப்பும் பாதுகாப்புச் சான்றிதழ் உண்டா? பழுது நேர்ந்தால் பேசுவதற்கு ஆள் உண்டா? இவற்றுள் சான்றிதழுக்கெனத் தனியே பெருந்தொகை செலவிட வேண்டுவதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு 2015 முதல் அதனைக் கட்டணமின்றி வழங்கி வருகிறது.

பெயரும் இடமும் தனித்தனி

பெயரையும் இடத்தையும் ஒரே நிறுவனத்திடம் பெறுவது வசதியே. ஆயினும் அவை இரண்டும் வெவ்வேறு உரிமைகள் என்பதை மறத்தலாகாது. சேவை மோசமானால் தளத்தின் நகலை எடுத்துச் சென்று வேறு சர்வரில் வைத்து, பெயர் சுட்டும் எண்ணை மாற்றிவிட்டால் போதும். அம்மாற்றம் சில மணி நேரத்தில், மிகுந்தால் ஓரிரு நாள்களில், எங்கும் பரவிவிடும். கடை இடம் பெயர்ந்ததே வாடிக்கையாளருக்குத் தெரியாது. முகவரை மாற்ற வேண்டினும், மாற்றுக் குறியீடு ஒன்றை அவரிடம் கேட்டுப் பெற்று, பெயரை வேறு முகவரிடம் கொண்டு செல்லலாம்.

பெரிய வணிகத் தளங்களிலும் சமூக வலைத்தளங்களிலும் கடை வைப்போருக்கு இவ்வுரிமை இல்லை. அங்குள்ள முகவரி தளத்தாருடையது. கணக்கு முடக்கப்பட்டால் முகவரியும் போய்விடும். அவ்விடங்களில் விற்பது நன்றே. எனினும் பையில் தைக்கும் அட்டையிலும் பட்டியல் சீட்டிலும் அச்சிட வேண்டியது சொந்தப் பெயரையே.

சட்டம் கோரும் விவரங்கள்

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்போர் தம் சட்டபூர்வமான பெயர், தலைமை இடத்தின் முகவரி, தொடர்பு எண், குறைதீர்க்கும் அலுவலரின் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் தெளிவாகக் காட்டுதல் வேண்டும். முறையீடு வந்தால் 48 மணி நேரத்திற்குள் அதன் வருகையை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்த்துவைக்க வேண்டும். இது சுமையாகத் தோன்றினும், முகம் காணாத வாடிக்கையாளரிடம் நம்பிக்கையை வளர்ப்பது இதுவே.

தாராவி, மாஹிம் போன்ற பகுதிகளில் தொழில் செய்வோருக்கு இயந்திரக் கடனும் பயிற்சியும் அளிக்கும் அலுவலர்கள், இணையப் பெயரைப் பற்றிய அறிவுரையையும் அவற்றோடு சேர்த்து வழங்குதல் பயன் தரும். இதற்கு ஆகும் செலவு சிறிது; விழிப்பே பெரிது. பெயர் உரிமையாளரின் பதிவில் இருக்கிறதா, கெடு நாள் எது, கடவுச்சொல் யார் கையில், தளத்தின் நகல் எங்கே என்னும் நான்கு வினாக்களுக்கு விடை சொல்லத் தெரிந்த தொழிலாளி, தம் பட்டறை எந்தக் கட்டடத்தின் எந்த மாடிக்குச் சென்றாலும் வாடிக்கையாளரை இழக்கமாட்டார்.