தீபம் ஏற்றும் வலைக்காரர்கள்

திருவண்ணாமலைக்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்கோ கடலூருக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனால் இந்த ஊரின் பெரிய திருவிழா ஒரு மீனவர் குலத்தை நம்பித்தான் நடக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு 2,668 அடி உயர மலையின் உச்சிக்குக் கொப்பரையைச் சுமந்து போய், நெய்யும் திரியும் இட்டு மகாதீபம் ஏற்றும் உரிமை பர்வத ராஜகுலத்தாருடையது. செம்படவர் என்றும் சொல்வதுண்டு. உமையாள் தங்கள் வீட்டு மகள் என்பது அவர்கள் சொல்லும் கதை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் பூசை செய்வதும் இவர்கள்தான்.

இவர்களின் கடல், ஏரிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிவிட்டால் அந்த வருஷத்துச் சோற்றுக்குப் பயமில்லை. அந்தக் காலத்து வலை பருத்தி நூலில், வீட்டுத் திண்ணையிலேயே பின்னியது. பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் தோய்த்துக் காயப்போடுவார்கள். நூல் இறுகும், தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகாது. வீச்சு வலையின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றி, வலையில் பாதியை முழங்கையில் போட்டு, இடுப்பைத் திருப்பி வீச வேண்டும். ஈயக் குண்டுகள் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட வேண்டும். வட்டம் கோணிவிட்டால் மீன் தப்பிவிடும். கரையில் நிற்கிற மாமன் மச்சான்களின் கேலி வேறு.

பிள்ளைகளுக்கு வேலையும் விளையாட்டும் ஒன்றாகத்தான் இருந்தன. கோடையில் ஏரி வற்றி முழங்கால் அளவுக்குச் சேறும் தண்ணீரும் நிற்கும்போது ஊத்தாவோடு இறங்குவார்கள். மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை அது. சேற்றில் அழுத்திக் குத்தியதும் உள்ளே மீன் இருந்தால் கூடை அதிரும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் தடவ வேண்டும். விரால் வழுக்கும், கெளுத்தி குத்தும். முள் ஏறிய கை ராத்திரி முழுக்கக் கடுக்கும். மறுநாள் அதே கை ஊத்தாவைத் தூக்கும்.

1958-இல் தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை வந்தது. ஏரிக்காரர்களுக்குத் திடீரென்று பெரிய நீர்ப்பரப்பு கிடைத்தது. பரிசல் போட்டுப் பிடித்தார்கள். மீனும் மாறியது. கங்கைப் பக்கத்துக் கட்லா, ரோகு, மிருகால் நம் அணைகளில் குடியேறின. 1952-இல் இந்தியாவுக்கு வந்த திலேப்பியாவுக்கு நம் ஜனங்கள் ஜிலேபி என்று பேர் வைத்துக் குழம்பில் சேர்த்துக்கொண்டார்கள். இன்று சாத்தனூருக்குச் சுற்றுலா போகிறவர்களில் பாதிப் பேர் அணையைப் பார்க்கப் போகிறார்களா, வறுத்த மீன் தின்னப் போகிறார்களா என்று சொல்ல முடியாது.

பிடிக்கிறவர் நிலைமைதான் வேறு. அணையில் மீன்பிடிப்பு தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் போய்விட்டது. ஏரிகள் ஏலத்துக்கு வருகின்றன. ஏலத்துக்கு முன்பணம் வேண்டும், குஞ்சு விடப் பணம் வேண்டும். அது இருப்பவர் குத்தகைதாரர் ஆகிறார். வலை போடத் தெரிந்தவர் அவரிடம் கூலிக்குப் போகிறார். கடையில் வாங்கும் நைலான் வலைக்குப் பனிச்சங்காய் தேவையில்லை. வளர்க்கக் கூடாதென்று அரசு தடை போட்டும் ஆப்பிரிக்கக் கெளுத்தி குட்டைகளில் பெருகி, நாட்டு மீனைத் தின்கிறது. ஊர்ச் சந்தையில் ஐஸ் பெட்டியில் வந்த மத்தியும் சங்கராவும் விற்கின்றன. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஊத்தா குத்தத் தெரியாமல் ஒரு பையன் நல்ல சம்பளத்துக்குப் போனால் அது நல்ல செய்திதான்.

ஆனால் தண்ணீரை அறிந்தவர்கள் கரையில் இல்லாதது ஊருக்கு நஷ்டம். தண்ணீர் மிஞ்சினால் என்ன ஆகும் என்று பார்த்தோம். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவின் மண் ஒரு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. டிசம்பர் 13 தீபத்தன்று பக்தர்கள் மலையேறத் தடை. கொப்பரை மட்டும் வழக்கம்போல உச்சிக்குப் போனது, தீபமும் எரிந்தது.

மலைமேல் பர்வத ராஜகுலத்தாருக்குள்ள உரிமையை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஏரியில்தான் அது ஏலத்துக்குப் போய்விட்டது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை என்று பேசினால் போதாது. முன்பணத்துக்கும் மீன் குஞ்சுக்கும் அரசு கடன் கொடுத்து, ஏரியை வலைக்காரர் கையில் விட வேண்டும்.